பிளாட்பாரம் அக்கா வாசித்த நாவல்

பிளாட்பாரம் அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வதுதான் வேலை. ஒருமுறை அவரை வரவழைத்து ஊர்ப் பெயர்களையும் எண்களையும் தனித்தனியாகச் சொல்லவைத்துப் பதிவுசெய்துகொண்டார்கள். பிறகு அந்தத் துண்டுகளைக் கோர்த்து இயந்திரமே பேச ஆரம்பித்தது. அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"என் வேலையை வேற யாரும் பறிக்கலை. நானே பறிச்சுக்கிட்டேன்" என்பார். இன்றைக்கும் அவர் பேருந்து ஏறப் போனால் அவருடைய குரல்தான் அவருக்கு வழி சொல்கிறது. "மரியாதையா 'பயணிகள் கவனத்திற்கு'ங்கறா. நானும் அடக்கமா நின்னு கவனிப்பேன்."

அதன் பிறகு அவர் வந்து சேர்ந்த இடம்தான் எங்கள் ஒலிப்பதிவு நிலையம். நூலகக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்கிறோம். உள்ளறையின் சுவர்களில் பழைய கம்பளம் அடித்திருக்கும். வாசிக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. அதன் முணுமுணுப்பும் பதிவாகிவிடும். அக்கா தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வளையலைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டு, வயிறு சத்தம் போடாமல் இருக்க ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவார். கண்ணாடிக்கு வெளியே இயந்திரத்தின் முன்னால் நான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். வேலைக்குச் சேர்ந்த அன்று இதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அன்றிலிருந்து அக்காவுக்கு நான் 'பட்டதாரி'.

"என்ன பட்டதாரி, மைக் வேலை செய்யுதா, இல்ல அதுக்கும் ஒரு பட்டம் வேணுமா?"

இந்தக் கிண்டலில் எனக்கு வருத்தமே கிடையாது. யார் எப்படிச் சொன்னாலும் அந்தச் சொல் காதுக்குச் சுகமாகத்தான் இருக்கிறது.

நான் சேர்வதற்கு முன்பே அக்கா அந்த நாவலை வாசித்து முடித்திருந்தார். கீழே நூலகத்தில் அது பெயர் போன நாவல். படிக்க முடியாது என்பதில் பெயர் போனது. ஒரு வீடு. வீட்டில் நான்கு பெண்கள்: அம்மா, மூத்த மருமகள், சின்ன மருமகள், கல்யாணமாகாத மகள். அப்பா படுத்த படுக்கை. சண்டை போட்டுக்கொண்டு போன கடைசி மகன், அப்பாவைப் பார்க்க வரட்டுமா என்று தொலைபேசியில் கேட்கிறான். தொலைபேசியைக் கையில் வைத்திருப்பவர் வைத்தியம் பார்க்க வந்த டாக்டர். அறைக்குள்ளிருந்து ஒரு குரல் சொல்கிறது: இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மகன் வரவில்லை. அப்பா போய்விடுகிறார். மிச்சப் புத்தகம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான்.

சொன்னது யார் என்று எழுத்தாளர் கடைசி வரை சொல்வதே இல்லை. நாவல் முழுவதும் மேற்கோள் குறி கிடையாது. 'என்றாள்' என்ற சொல் ஓர் இடத்தில்கூடக் கிடையாது. ஒரு பத்தி தொடங்கினால் பல பக்கம் போகும். நான்கு பெண்களும் பேசிக்கொண்டே இருப்பார்கள். எவள் எப்போது வாயை மூடினாள், எவள் திறந்தாள் என்பது படிப்பவர் பாடு.

கீழே வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். ஒரு பாதி, பாதியில் திருப்பிக் கொடுத்தவர்கள். அந்தக் கட்சிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "தமிழ்ல ஒருத்தி வாயைத் திறந்தா மாமான்னோ தம்பின்னோ ஏதாவது ஒட்டிக்கிட்டு வரும். அதை வச்சே ஆளைக் கண்டுபிடிச்சிடலாம். இந்த ஆளு அதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிடுங்கி எறிஞ்சுட்டுல்ல எழுதியிருக்கான்" என்பார். இன்னொரு பாதி, படித்து முடித்துவிட்டு ஆளுக்கு ஒருத்தியைக் குற்றவாளியாக்கிச் சண்டை போட்டவர்கள்.

மாடியில் கதையே வேறு. எங்கள் நேயர்களுக்கு அந்த நாவல் உயிர். அதிகம் பேர் கேட்டு வாங்கிய பதிவு அதுதான். இந்தச் சேதி கீழே போய்ச் சேர்ந்ததும் கணக்கு வாத்தியாருக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணிருக்கிற நமக்கு விளங்காதது அவர்களுக்கு மட்டும் எப்படி விளங்குகிறது? எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் மேடம் அதையே சாக்காக வைத்து, படித்தவர்களும் கேட்டவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிக் கூடத்தில் ஏற்பாடு செய்தார்.

அக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். பேருந்து நிலையத்தில் அவரை யாரும் பாராட்டியதில்லை; வண்டியைத் தவறவிட்டவர்கள் திட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நேயர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நேயர்கள் பக்கத்தில் முன்வரிசையில் எக்ஸ்சேஞ்ச் அண்ணன். பெரிய மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி இணைத்துக் கொடுப்பவர். பிறவியிலேயே பார்வை இல்லை. "ஒருத்தர் 'ஹலோ' சொன்னா போதும், ஆள் யாரு, சாப்பிட்டாச்சா இல்லையான்னு சொல்லிடுவேன்" என்று மார்தட்டுகிறவர்.

கணக்கு வாத்தியார் நேராக விஷயத்துக்கு வந்தார். "சரிங்க, நீங்க எல்லாரும் முழுசாக் கேட்டிருக்கீங்க. வர வேண்டாம்னு சொன்னது யாரு?"

"அம்மாதான்" என்றார் எக்ஸ்சேஞ்ச் அண்ணன். பின்னாலிருந்த நேயர்கள் எல்லோரும் "அம்மா, அம்மா" என்றார்கள்.

கீழ்க் கட்சியில் நாவலை விரும்புகிற மருந்துக்கடைக்காரர் ஒருவர் எழுந்தார். "எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? நான் ரெண்டு தடவை படிச்சேன். எனக்கு மூத்த மருமக மேலதான் சந்தேகம்."

"இதுல சந்தேகத்துக்கு என்ன இருக்கு? அந்தம்மா குரல்லதானே வருது" என்றார் அண்ணன்.

"எந்தக் குரல்?"

மேடம் என் பக்கம் திரும்பி, "அந்த இடத்தைப் போடுங்க தம்பி" என்றார்.

போட்டேன். அக்காவின் வாசிப்பு அழகாகத்தான் இருந்தது. மகளுக்கு ஒரு கீச்சுக்குரல், மூத்தவளுக்கு ஒரு கனத்த குரல், சின்னவளுக்கு ஒரு மென்குரல். பிறகு மூக்கால் இழுத்து இழுத்துப் பேசும் ஒரு வயதான குரல் சொன்னது: இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லையும் அவர் சேர்க்கவில்லை. அதனால்தான், நூலை விரித்து வைத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சரிபார்த்தவர்களுக்கும் அது தட்டுப்படவில்லை. ஆனால் நாவலில் எழுத்தாளர் திறந்து போட்டிருந்த கதவையெல்லாம் அக்கா தன் குரலால் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தார்.

"அது யாருன்னு புத்தகத்துல போட்டிருக்கா அக்கா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல தம்பி. நான்தான்... கேக்குறவங்க குழம்பிடக் கூடாதேன்னு. பஸ் ஸ்டாண்டுல அப்படித்தானே பழக்கம். ஒருத்தர்கூடத் தப்பான வண்டியில ஏறிடக் கூடாதுன்னு நினைச்சே பேசிப் பழகிட்டேன்."

"நல்லது பண்ணீங்க. எங்களை எல்லாம் கையைப் பிடிச்சு ஒரே வண்டியில ஏத்தி விட்டுட்டீங்க." அவர் குரலில் கோபம் அடங்கித் தெரிந்தது. "இவங்க எல்லாரும் இத்தனை நாளா கீழ சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அந்தச் சண்டையில எங்களுக்கு ஒரு நாற்காலிகூடப் போடலையே அக்கா. கண்ணுதான் இல்ல. வழி தவற எங்களுக்கும் தெரியும்."

அக்காவுக்கு அது உடனே புரியவில்லை; உதவி செய்தவரைத் திட்டுகிறார்களே என்று விழித்தார். எனக்குப் புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவுக்கு வருகிற காகிதங்களையெல்லாம் யாராவது வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்ல, இங்க கையெழுத்துப் போடு" என்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அப்பாவுக்காகப் படித்தவர்கள், அவருக்காகப் புரிந்துகொள்ளவும் செய்துவிடுவார்கள். என்ன எழுதியிருந்தது என்பது அவரிடம் வந்து சேர்ந்ததே இல்லை. நான் பட்டம் வாங்கியதில் ஊருக்கு என்ன பெருமையோ எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அந்த 'ஒன்னுமில்ல' ஒழிந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு: வாசிக்கலாம், நடிக்கக் கூடாது. மீறினால் நாவல் கிடையாது. பாடப் புத்தகம், வினாத்தாள், வங்கிச் சுற்றறிக்கை, இவைதான் கிடைக்கும். கூட்டம் கலைந்ததும் மேடம் அதை எடுத்துச் சொன்னார். அக்கா துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"மேடம், எண்ணும் பேருமா படிச்சே என் பாதி ஆயுசு போயிடுச்சு. கதை கையில வந்தது இப்பதான். அதே புத்தகத்தை இன்னொரு தடவை படிக்க விடுங்க. சரியா வரலைன்னா நானே வினாத்தாளை எடுத்துக்கிட்டு உட்காந்துக்கறேன்."

மேடம் யோசித்தார். பதில் சொன்னவர், இன்னும் படியிறங்காமல் நின்றிருந்த எக்ஸ்சேஞ்ச் அண்ணன். "அவங்களே படிக்கட்டும் மேடம். ஆனா சரியா இல்லையான்னு சொல்றது நாங்க. கேட்டு முடிச்சதும் நாங்க எல்லாரும் மறுபடி ஒரே ஆளைச் சொன்னோம்னா, அக்கா இன்னும் கையைப் பிடிச்சுத்தான் ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம்."

பந்தயம் அப்படித்தான் முடிவானது.

யாரையும் சுட்டாமல் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் அக்கா எல்லாவற்றையும் ஒரே மட்டமாக வாசித்தார். சோதனைக்காகக் கொஞ்சம் பதிவுசெய்து எக்ஸ்சேஞ்ச் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினோம்.

"அடுத்த வண்டி எத்தனை மணிக்கு?" என்றார் அவர்.

அடுத்து, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அக்கா தணிவாகச் சொல்லிப் பார்த்தார். நான் கண்ணாடிக்கு வெளியே இருந்து கையாட்டினேன்.

"என்ன பட்டதாரி?"

"தணிவாச் சொன்னா பயந்தவ சொன்ன மாதிரி இருக்கு அக்கா. பயந்தவ சின்ன மருமக."

வேகமாகச் சொன்னால் மகள் ஆனாள். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் மூத்தவள். தடுமாறினால் அம்மா. அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இந்த ஆளு பேனாவை வச்சுக்கிட்டுத் தப்பிச்சுட்டான். எனக்கு இருக்கறது ஒரு தொண்டை. அதை வச்சுக்கிட்டு யாருமே இல்லாத மாதிரி எப்படிய்யா பேசறது?"

"முதல்ல அந்த மூக்குக் குரல் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எங்க அத்தை குரல்" என்றார். அத்தை என்றால் மாமியார். "படிக்கிறப்ப அந்த வரி வந்ததும் மனசுல அவங்கதான் வந்து நின்னாங்க. எங்க கல்யாணத்துக்கு, அவங்களோட சண்டை போட்டிருந்த எங்கண்ணன் வரட்டுமான்னு கேட்டப்போ, வேண்டாம்னு சொல்லிவிட்டவங்க அவங்கதானே. பழசு. ஆனா தொண்டை மறக்கலை பாரு."

"அத்தை அந்தப் பதிவைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. 'யாருடி இந்தப் பொம்பளை, இவ்வளவு அழுத்தமா இருக்கா'ன்னு கேட்டாங்க. நான் வாயைத் திறக்கலை."

அடுத்த வாரம் எக்ஸ்சேஞ்ச் அண்ணன் வேறொரு பதிவை வாங்க மாடிக்கு வந்திருந்தார். அக்கா அன்றைக்கு விடுப்பு. இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருந்தார். மனசு கட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"விட்டுட்டு ஓடப் பார்க்கறாங்களா? போன் போடு தம்பி, நான் பேசறேன்" என்றார். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் "ஹலோ" என்று எடுத்ததும் அண்ணன் தொடங்கிவிட்டார்.

"என்ன, தொண்டை கட்டிடுச்சாமே? கேக்க நல்லாத்தானே இருக்கு. இத பாருங்க, அன்னிக்கு நான் கோபமாப் பேசினது உண்மை. அதுக்காக மூலையில போய் உட்காந்துக்கறதா? உங்களை விட்டா அதைப் படிக்க ஆளில்ல. அழுத்தம் பிடிச்ச ஆளு நீங்க. ஆனா அந்த அழுத்தம் இல்லாம இந்த வேலை நடக்காது. நாளைக்கு ஒழுங்கா வந்து மைக் முன்னாடி உட்காருங்க."

"ம்" என்றது மறுமுனை. "ம்... சரி... சொல்லுங்க."

"சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

"அவ கடைக்குப் போயிருக்காப்பா. வந்ததும் சொல்லிடறேன். நான் அவ மாமியார்."

அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஹலோவை வைத்து ஆளின் சாப்பாட்டுக் கணக்கையே சொல்கிறவர், மருமகளுக்கு வைத்திருந்த திட்டு முழுவதையும் மாமியாரிடம் கொட்டிவிட்டார். அந்தம்மாவும் ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதான் நேத்தெல்லாம் அத்தைக்கு ஒரே குஷி. 'என் குரல் இன்னும் சின்னப் பொண்ணு குரல் மாதிரி இருக்குதாம்'னு அக்கம்பக்கத்துல போய்ச் சொல்லிட்டு வந்திருக்காங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. வளையலைக் கழற்றப் போன கை அப்படியே இருந்தது.

"அந்தத் தம்பி காதே ஏமாந்துபோச்சா?"

"ஆமா."

"கல்யாணமான புதுசுல அவங்க பேசினா எனக்குப் பாதி விளங்காது. அவங்க ஊர்ப் பேச்சே வேற. நான் ஒன்னு சொன்னா அவங்க ஒன்னு நினைச்சுப்பாங்க. அதுலயே எவ்வளவு சண்டை. இப்ப போன்ல யாரு எவருன்னு தெரியலையாம்." வளையலைக் கழற்றி டிராயரில் வைத்தார். "மூக்கால இழுக்கறாங்க இழுக்கறாங்கன்னு நான்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன் போல. அது எப்பவோ போயிடுச்சு. இல்ல, எனக்கும் வந்துடுச்சு."

பிறகு நாவலை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தார். "பட்டதாரி, இவங்க நாலு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்காங்க?"

"ஆமா அக்கா."

"எத்தனையோ வருஷமா?"

"ஆமா."

"அப்ப நாலு குரல் எதுக்கு? மைக்கைப் போடு."

அன்று முதல் அவர் வாசித்தது ஒரு குரலில். முன்பு முயன்ற தட்டையான குரல் இல்லை. அடுக்களையில் வேலையாக இருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து காதில் விழுமே, வீட்டில் ஒருத்தி பேசுகிறாள் என்று தெரியும், எவள் என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும், அந்தக் குரல். அதில் கோபம் இருந்தது, களைப்பு இருந்தது, கிண்டல் இருந்தது. ஒருத்தி வாக்கியத்தை முடிக்காமல் விடுவதும், இன்னொருத்தி எதையும் கேள்வியாகவே பேசுவதும் எழுத்திலேயே இருந்தன. அவற்றை அக்கா தொடவில்லை. அந்த வரி வந்தது. இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு வீடே சொன்னது போல இருந்தது. அக்கா நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

புதிய பதிவு நேயர்களுக்குப் போனது. எல்லோரும் கேட்டு முடித்ததும் மறுபடி ஒரு ஞாயிறு. இந்தத் தடவை அக்கா பழைய புடவைதான் கட்டியிருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பைக்குள்ளே வினாத்தாள் கட்டு ஒன்றும் வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

மேடம் கேட்டார். "சொல்லுங்க, யாரு?"

"சின்ன மருமக" என்றார் எக்ஸ்சேஞ்ச் அண்ணன். "நிச்சயமா அவதான். அவன் திரும்பி வந்தா பாகம் பிரிக்கணும்."

"போங்க அண்ணே" என்றாள் பின்னாலிருந்து கல்லூரியில் படிக்கிற ஒரு பெண். "அது மகள். அவளைக் கட்டிக் கொடுக்காம வச்சிருந்ததுக்கு அவதான் வஞ்சம் தீர்த்துக்கறா. அப்பா கேட்டுக்கிட்டு இருக்கட்டும்னே சொல்றா."

"அம்மாதான்னு நான் இன்னும் சொல்றேன்" என்றார் ஒரு பெரியவர். "ஆனா முன்னாடி அவ மேல கோபமா வந்துச்சு. இப்ப பாவமா இருக்கு. புருஷன் கிடக்கிற கோலத்தை மகன் பார்க்க வேண்டாம்னு சொல்லியிருப்பா."

இன்னொருவர் எழுந்து நின்று முறையிட்டார். "எனக்குப் பழைய பதிவுதான் வேணும். ஜம்முனு புரிஞ்சுது. இப்ப எவ எவன்னு தெரியாம மண்டை காயுது. எதுக்கு நல்லா இருந்ததைக் கெடுத்தீங்க?"

"அப்படிச் சொல்லுங்க சார்" என்று துள்ளி எழுந்தார் கணக்கு வாத்தியார். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மனிதரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார். "வாங்க, நம்ம கட்சிக்கு ஆள் வந்தாச்சு. புரியாததைப் புரியலைன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்."

மருந்துக்கடைக்காரர் எக்ஸ்சேஞ்ச் அண்ணனோடு மோதிக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண் இருவரையும் மடக்கினாள். யார் கண்ணால் படித்தவர், யார் காதால் படித்தவர் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கூடம் முழுக்கச் சத்தம். மேடம் கடைசி வரிசைக்கு வந்து, அக்காவின் பையிலிருந்து வினாத்தாள் கட்டை உருவிக்கொண்டு போனார். போகிற போக்கில், "நாளைக்கு வாங்க. அடுத்த நாவல் இதைவிடக் குண்டு" என்றார்.

எக்ஸ்சேஞ்ச் அண்ணன் சண்டைக்கு நடுவே தலையைத் திருப்பி, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. படிக்கிறப்ப உங்க மனசுல யாரு?" என்றார்.

"அது எந்த பிளாட்பாரம்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார் அக்கா. "நீங்களே விசாரிச்சு ஏறிக்கங்க."

படியிறங்கும்போது, பழைய பதிவை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதையும் கொடுக்க மேடம் சம்மதித்துவிட்டார் என்றேன். அவருக்கு அது கொஞ்சம் கூச்சமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருந்தது.

புதிய பதிவை அவருடைய மாமியாரும் கேட்டிருக்கிறார். அந்த வரி வந்ததும் நிறுத்தச் சொல்லி, மறுபடி போடச் சொல்லி, இன்னொரு தடவையும் கேட்டாராம்.

"இது யாருடி சொல்றது? நான் இல்லையே?" என்றாராம்.

"தெரியலை அத்தை. நானாக்கூட இருக்கலாம்" என்றாராம் அக்கா.

அந்தம்மா போனை எடுத்துவந்து அக்கா கையில் கொடுத்தாராம். பிறகு, "உங்கண்ணன் நம்பர் இருந்தா போடு. பேசி ரொம்ப நாளாச்சு" என்றாராம்.

அக்கா போட்டுக் கொடுத்தார். அந்தப் பக்கம் எடுத்த அக்காவின் அண்ணன், அந்தம்மாவின் ஹலோ கேட்டதுமே, "என்ன தங்கச்சி, திடீர்னு?" என்றாராம்.